போர்ட் டோவர் மண்மேட்டில் ஒருசந்தி

முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பாதிரிமார் உட்பட ஒன்பது பிரெஞ்சுக்காரர் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்த இடம் போர்ட் டோவர் என்ற ஏரிக்கரை ஊரில் இருக்கிறது, போவோம் என்று மார்ச் மாதத்தில் மனைவி சுபாவிடம் சொன்னேன். அவள் போர்வைக்குள்ளிருந்து அசையவில்லை. ஆகவே அவளுடைய பிலோமினா அன்ரியைப் பிடித்தேன். "பாதிரிமார் பூசை வைச்ச இடம் அன்ரி." பொய் இல்லை. கோயில் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்ரி வருகிறார் என்றதும் சுபாவும் வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை 8.10க்கு எங்கள் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். ஏறக்குறைய 170 கிலோமீற்றர், போய்வரப் பெற்றோல் 38 டொலர். ஹமில்ரன் தாண்டியதும் சுபா இடியப்பப் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"தவக்காலமெல்லே, நான் ஒருசந்தி விரதம் பிள்ளை. கோயில்லை கும்பிட்டிட்டுத்தான் வாயிலை வைப்பன்" என்றார் அன்ரி.

"அப்ப சீனி வருத்தக் குளிசை?"

"அது விடியவே போட்டிட்டன்."

நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் மயக்கம் வரும். சுபா பார்த்த பார்வையில் நான் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

10.35க்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டணம் இல்லை, ஆளில்லை, கழிப்பறையும் இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு கல், அதில் ஒரு தகடு, பக்கத்தில் பனி மூடிய மண்மேடு. அவ்வளவுதான்.

"கோயில் எங்கை தம்பி?" அன்ரி கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயணக் களைப்புத்தான் என்று நம்ப முயன்றேன்.

"கோயில் இல்லை அன்ரி. தெரிஞ்சுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். தயவுசெய்து சாப்பிடுங்கோ."

"கும்பிடாமலோ?"

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தகட்டின் பனியைக் கையாலேயே துடைத்து, எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன்: இந்த மேடு அவர்களுடைய குடிசையின் மிச்சம், அவர்களுக்கு வீடு, கோயில், கோட்டை எல்லாமே அதுதான்.

"பிறகேன் கோயில் இல்லையெண்டுறீர்?"

அன்ரி பனியிலேயே முழந்தாளிட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொளுத்திய மெழுகுதிரி மூன்று தரம் அணைந்தது. சுபா இடியப்பப் பெட்டியின் மூடியைப் பிடித்துக் காற்றை மறித்தாள். செபம் நாலு நிமிடம். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் நின்றபடியே ஆறு இடியப்பம் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகிறவர்கள் தண்ணீர் புகாத சப்பாத்துப் போடுங்கள். கழிப்பறை வேலையை ஊருக்குள்ளேயே முடித்துவிடுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத இடம்தான். ஆனாலும் சும்மா திரும்பி வந்தேன் என்று சொல்லமாட்டேன். கூட்டிப்போகிறவர்களிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழியில், என்ன கேட்டு வேண்டினீர்கள் என்று அன்ரியைக் கேட்டேன்.

"உம்மடை கள்ளத்தை மன்னிக்கச் சொல்லித்தான். ஆனா நான் தனியக் கேட்டது காணாது. வாற சனி எங்கடை செபக்கூட்டம் முழுக்க வருது, பஸ் பிடிக்கிறம். நீர்தான் இடம் காட்டவேணும்."

நாற்பத்தெட்டுப் பேர். எல்லோரும் ஒருசந்தியாம்.