காந்தம் ஒட்டிய குடம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாத்திரங்களைக் காந்தம் வைத்துப் பிரிக்கிறேன். நேற்று ஒரு எவர்சில்வர் குடம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். பதினாலு வயதில் பள்ளியை விட்டு ரொட்டித் தொழிற்சாலைக்குப் போனேன். முதல் சம்பளத்தில் சரசு அக்காவின் கல்யாணச் சீருக்குக் குடம் வாங்கி வந்தேன். உடைந்த ரேடியோவில் கழற்றிய காந்தத்தை அம்மா அதன்மேல் வைத்தார். ஒட்டியது. நல்ல எவர்சில்வரில் ஒட்டாது; அதில் சேர்ந்த நிக்கல்தான் காரணம் என்பது இந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது.

“ஏமாந்துட்டு வந்திருக்கான். சீர்ல வைக்காதடி, மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்லா. தம்பி, இதுல பேரு வெட்டிட்டு வா. என் பேரு, பக்கத்துல உன் பேரு.”

அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கேரி தீவிலுள்ள புகுந்த வீட்டுக்குப் போனாள். நான் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பியபோது, அவள் எங்கோ குடிமாறிவிட்டாள்.

நேற்றைய குடத்தையும் திருப்பிப் பெயரைப் பார்த்தேன். யாரோ ஒரு மீனாட்சி.

“தினம் என்னண்ணே தேடுறீங்க?” என்றார் கடைக்காரர்.

“எங்க அக்கா குடம், பாஸ்.”

“கிடைச்சுதா?”

“இல்லை. அக்கா இன்னும் அதைத் தூக்கிப் போடலை.”