வலது கைப் பக்கம் மலை, இடது கையில் ஹால் டிக்கெட்

எனக்கும் என் மாமியாருக்கும் ஒரு நாளைக்கு ஒரு வாய்ச்சண்டையாவது நடக்காவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு செரிக்காது. ரசத்தில் புளி ஜாஸ்தியா கம்மியா என்று தொடங்குவோம். அது எப்படியோ என் கல்யாணப் பந்தியில் அப்பளம் தீர்ந்துபோன விஷயத்தில் வந்து நிற்கும். நான் ஒன்று சொன்னால் அத்தை இரண்டு சொல்லுவார். என் கணவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கடைநிலை ஊழியர். நாளெல்லாம் மனு கொடுக்க வந்தவர்களின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்தால் வீட்டில் இந்தக் கச்சேரி. மனிதர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் உள்ளே நுழைவார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வாசலில் அத்தையின் பெட்டிக்கடை. மற்ற நாட்களில் பீடியும் வெற்றிலையும் காய்கறியும். பௌர்ணமி வந்தால் கற்பூரம், சோடா, மோர். வெயிலுக்காகக் கடைக்கு முன்னால் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தன் வழியை மறிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். நாங்களும் டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். காலையில் போனால் அவர் மாலையில்தான் கூப்பிடுவார்; அத்தை வாயைத் திறப்பதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடுவார். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போது, பஸ்ஸில் அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"இந்த ஆளு பேசறதுக்கு நீயே பேசலாம். வீட்ல வெட்டியா என்கிட்ட பேசிக்கினு கீற. வக்கீலுக்கு இன்னா படிக்கணும்னு கேளு."

அது திட்டா பாராட்டா என்று இறங்கும்வரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அந்த பஸ்ஸில்தான் வந்தது. வந்தது போகவும் இல்லை.

விசாரித்தால் தலை சுற்றியது. பிளஸ் டூவோடு கல்யாணமாகி வந்தவள் நான். ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு வயது போய்விட்டது. மூன்று வருடப் படிப்புக்கு முதலில் ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். அதற்கும் முப்பது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று கணவரின் ஆபீசில் சொன்னார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. ஆக, டிகிரி சீக்கிரமாகவும் கிடைக்க வேண்டும், சல்லிசாகவும் கிடைக்க வேண்டும், கடையையும் அடுப்பையும் விட்டு நகராமலும் கிடைக்க வேண்டும்.

டவுனில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. நானும் கணவரும் போய் உட்கார்ந்தோம். ஆன்லைன் டிகிரி என்று கடைக்காரர் தட்டினார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒன்று மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. தலை வந்து கழுத்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது கட்டணம் டாலரில் இருந்தது. கணவர் அதை ரூபாயாக மாற்றத் தொடங்கி, பாதியிலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டரிலேயே படித்துவிடலாமாம் என்று அத்தையிடம் சொன்னேன். டி.வி.யில் சமையலைப் பார்த்தால் வயிறு ரொம்புமா என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஒருவர் இருந்தார். ஒரே வருடத்தில் டிகிரி, பரீட்சைக்குக்கூட வர வேண்டாம், எந்தப் பாடம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கூட வந்திருந்த அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் வீட்டு எருமைக்கும் ஒன்று சேர்த்துக் கொடுங்கள், அதுவும் பரீட்சைக்கு வராது என்றார். அதற்கப்புறம் அங்கே உட்கார முடியுமா, படி இறங்கிவிட்டோம்.

கடைசியில் அஞ்சல் வழியில் மூன்று வருட பி.ஏ. என்று முடிவானது. சட்டக் கல்லூரியில் அதை ஒப்புக்கொள்வார்கள் என்று கணவர் நாலு பேரிடம் கேட்டு வந்தார். எந்த பி.ஏ. என்பதில் மறுபடியும் பஞ்சாயத்து. தெரிந்தவர்களிடம் பழைய பாடப் புத்தகங்களை இரவல் வாங்கி வந்து கடையில் அடுக்கினேன். அத்தை ஒவ்வொரு கட்டாகத் தூக்கித் தராசில் வைத்தார். வரலாறு தட்டைத் தரைக்கு இறக்கியது. பொருளாதாரம் அதற்கு அண்ணன். பொது நிர்வாகம் மட்டும் ஒரு வீட்டுக் குழம்புக்கு வாங்குகிற கத்தரிக்காய் அளவுதான் இருந்தது. எது கம்மியோ அதைப் படி, சீக்கிரம் முடியும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். சிரிக்காதீர்கள். அதைவிட நல்ல காரணத்தோடு டிகிரி எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு பேப்பரில்கூடத் தவறாமல் தேறினால்தான் முப்பதுக்குள் சட்டக் கல்லூரி. ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. மாவாட்டிக்கொண்டே படித்தேன், மோர் கடைந்துகொண்டே படித்தேன். அத்தையோடு சண்டை போடும்போதுகூட நடுவில் ஒரு பதிலை ஒப்பித்துப் பார்த்துக்கொள்வேன். எப்படியோ கடைசிப் பேப்பர் வரை வந்துவிட்டேன். அது சித்ரா பௌர்ணமியன்று மதியம் இரண்டு மணிக்கு வந்து விழுந்தது.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். அதே கிரிவலப் பாதைதான். ஆனால் கூட்டம் எந்தத் திசையிலிருந்து வருமோ அந்தத் திசையில் இருந்தது. ஹால் டிக்கெட்டோடு வாசலில் இறங்கினேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை கையை நீட்டி மறித்தார். சித்ரா பௌர்ணமியன்று மலை வலது கைப் பக்கம் இருக்கத்தான் நடக்க வேண்டும், தேவர்களே சுற்றி வருகிற வழி இது, நீ எதிரே போய் அவர்கள்மேல் இடிப்பாயா என்றார். மற்ற நாளில் பஸ்ஸில் இதே பக்கமாகப் போகிறோமே என்றேன். அந்தப் பாவம் டிரைவருக்கு என்றார். வயல் வழியாகப் போகட்டுமே என்று கணவர் மெல்லச் சொன்னார். வயலில் இறங்கினால் மலை இடம் மாறி உட்காருமா என்று அத்தை கேட்டார். சரியான திசையில் போவதென்றால் மலையை முழுக்கச் சுற்ற வேண்டும்; நான் போய்ச் சேருவதற்குள் விடைத்தாள்களைக் கட்டி சீல் வைத்திருப்பார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. அதற்கும் அடியில் பயம் இருந்தது. சாமி விஷயம், மார்க் குறைந்தால் எதிர்த் திசையில் போனதுதான் காரணம் என்று அத்தை சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்வேன். அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அத்தை, மலை வலது கைப் பக்கம் இருக்கணும். அவ்ளோதான உங்க சட்டம்?"

"அவ்ளோதான்."

கூட்டம் போகிற திசையைப் பார்த்து நின்றேன். மலை வலது கைப் பக்கம் இருந்தது. அப்படியே ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தேன். இன்னோர் அடி வைத்தேன். மலை வலது கைப் பக்கமேதான் இருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். மோர்ச் சொம்பைக் கணவர் கையில் திணித்துவிட்டு, நான் வழியில் எங்காவது திரும்பிவிடுகிறேனா என்று கண்காணிக்கக் கூடவே கிளம்பினார். அவரும் பின்பக்கமாகத்தான், வேறு வழி?

வெறுங்காலில் தார் ரோடு சுட்டது. கூட்டத்துக்கு எங்கள் முதுகுதான் முதலில் தெரிந்தது. ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினார்கள். என்ன வேண்டுதல் என்று ஒரு பெரியவர் கேட்டார். பி.ஏ. என்றேன். நல்லபடியாக நடக்கும் என்று விபூதி பூசிவிட்டார். எங்கிருந்தோ வந்திருந்த ஒரு குடும்பம், இந்த ஊரில் இப்படியும் ஒரு முறை உண்டு போலிருக்கிறது என்று அவர்களும் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். நான் இளநீர்க் குவியலில் ஒரு தடவை உட்கார்ந்தேன். கரும்புச் சாறு வண்டியில் அத்தையின் முதுகு இடித்தது. வண்டிக்காரனைத் திட்டிய திட்டில் தேவர்களே ஒதுங்கியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. நாங்கள் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. திரும்பி ஓடினால் போய்விடலாம். ஆனால் அத்தையை எதிரில் வைத்துக்கொண்டு, இத்தனை பேச்சுப் பேசிவிட்டு, எப்படித் திரும்புவது? நடுரோட்டில் நின்றுவிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அத்தை திரும்பினார். முழுசாகவே திரும்பினார். மலை அவருடைய இடது கைப் பக்கம் வந்தது. எனக்கு நேரே வந்து நின்று என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"நீ திரும்பாத. உன் மலை உன் வலது பக்கமே இருக்கட்டும். வழிய நான் பாத்துக்கறேன்."

என்னைத் தள்ளிக்கொண்டே ஓடினார். என் தலைக்கு மேலாக எட்டி வழியைப் பார்த்து, விலகுங்க விலகுங்க என்று கத்திக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூட கேட்டுக்குள் நான் முதுகைக் காட்டியபடிதான் நுழைந்தேன். காவலாளி ஹால் டிக்கெட்டைக் கேட்கக்கூட மறந்துவிட்டார்.

தேறினேன். சட்டக் கல்லூரியிலும் இடம் கிடைத்தது. கொட்டகை வழக்கு நான் கறுப்புக் கோட்டு போடும்வரை காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெயில் தாங்காமல் அதே கொட்டகையில் வந்து உட்கார்ந்து மோர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குத் திரும்பி ஓடினீர்களே அத்தை என்று யாராவது கேட்டால், அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. நான் எங்கே திரும்பினேன், மலை என் வலது கைப் பக்கம்தான் இருந்தது என்று சாதிப்பார். குறுக்கு விசாரணையில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. இந்தச் சாட்சியை மட்டும் நான் இன்று வரை ஒரு கேள்வி கேட்டதில்லை.