கம்பத்துக்கு ஊசி

சோபாக் கடையில் அவள் பதினோரு வருடமாக நிற்கிறாள். சுற்றிலும் நாற்பத்திரண்டு சோபாக்கள். ஒன்றிலும் ஊழியர் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். "உட்கார்ந்து பாருங்க, எழுந்திருக்கவே மனசு வராது" என்று வருகிறவர்களிடம் சொல்வதுதான் அவள் பிழைப்பு. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கம்பம்.

கம்பத்தில் கொடி படர்ந்தது. முதலில் கணுக்காலில் சிலந்தி வலைபோல நீலக் கோடுகள், பிறகு கெண்டைக்காலில் புடைத்த மண்புழுக்கள். நொண்டியபடி நின்றால் யார் வாங்குவார்கள், இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் அன்பாகச் சொன்னார்.

நரம்பு சுருட்டிக்கொண்டது என்றார்கள் எல்லோரும். நரம்பென்றால் நரம்பு டாக்டர்தானே? கணவர் டோக்கன் போட்டார். டாக்டர் குட்டிச் சுத்தியலால் முட்டியில் தட்ட, கால் துள்ளி அவர் மேசையை உதைத்தது.

"நரம்பு என்னோடதைவிட நல்லா இருக்கும்மா. இது ரத்தக் குழாய்."

ரத்தம் ஓடினாலும் நரம்பு, கோபத்தில் புடைத்தாலும் நரம்பு என்பது நம் வழக்கு. பாவம், டாக்டர்கள்தான் பிரித்துப் படித்துத் தொலைத்திருக்கிறார்கள்.

ரத்தக் குழாய் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம், ஊசி போதும் என்றார். மெல்லிய ஊசியில் மருந்து ஏறினால் கெட்ட குழாய் ஒட்டி மூடிக்கொள்ளும். சில வாரங்களில் மங்கும். எறும்புக் கடி அளவு வலி. ஊசி போட்டு, இறுக்கமான காலுறை மாட்டி, கையில் சீட்டு கொடுத்தார்: ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, உட்கார்ந்தால் காலை உயர்த்தி வைக்க வேண்டும், அடிக்கடி நடக்க வேண்டும்.

சூப்பர்வைசர் சீட்டின் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். "கடையில நீ சேர் போட்டு உட்கார்ந்தா கஸ்டமர் என்ன நினைப்பாங்க?"

"சேர் எதுக்கு சார்?" என்றவள், வாசலில் ஒரு தம்பதி நுழைவதைப் பார்த்துவிட்டு, கடையிலேயே விலை கூடிய சாய்வு சோபாவில் போய் உட்கார்ந்து பிடியை இழுத்தாள். இரண்டு காலும் ராணியின் கால்களைப்போல மேலே எழும்பின. "பாருங்கக்கா, கால் வலி எங்க போச்சுன்னே தெரியல."

பதினோரு வருடத்தில் அவள் சொன்ன முதல் உண்மை. சோபா உடனே விற்றுப்போனது.

மறுநாள் சூப்பர்வைசர், தன் யோசனை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, புதுச் சட்டம் போட்டார்: கம்பம் சோபாவை விட்டு எழுந்திருக்கவே கூடாது.

அவள் சீட்டை நீட்டினாள். "மூணாவது வரியையும் படிச்சிருங்க சார்."