மெழுகுவத்தி விற்கும் பயந்தாங்கொள்ளி

"ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கீங்களா?"

மெழுகுவத்தி வாங்க வந்தவர் காசை நீட்டியபடி நிற்கிறார். லோம்பே அம்மா கையை நீட்டவில்லை.

"போட்டிருக்கோம்மா. எதுக்கு?"

"இத எங்க வைப்பீங்க?"

"ஜன்னல் கட்டை மேலதான்."

"அப்படின்னா இல்ல. போயி ஒரு தட்டுல மண்ணள்ளிப் போட்டு மேஜை நடுவுல வைங்க. வச்சிட்டு வந்து சொல்லுங்க, தர்றேன்."

அவர் என்னைப் பார்க்கிறார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். நான் என்ன செய்ய? கிட்வே நகரத்தில் எங்கள் புச்சி குடியிருப்பில் மாலை ஆறுக்குக் கரண்ட் போனால் பத்துக்குத்தான் வரும். மெழுகுவத்திக்காரிக்குப் பொற்காலம். வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் தகரக் கூரையை மாற்றியிருப்பாள். இவள் வீடு வீடாகத் திரைச்சீலையை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

சரியான பதில் சொன்னவர்களையும் அவள் சும்மா விடுவதில்லை. ஆறரை மணிக்கு மெல்ல ஒரு நடை கிளம்புவாள். "உப்பு இருக்கா" என்று கேட்டுக்கொண்டு உள்ளே நுழைவாள். கண் உப்பைத் தேடாது, சுடரைத்தான் தேடும். மெத்தையிலிருந்து மூன்று முழம் தள்ளி இருக்கிறதா, குழந்தைக்கு எட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உப்பை வாங்காமலே திரும்பிவிடுவாள். எங்கள் தெருவில் அவளுக்கு உப்பு அம்மா என்றும் ஒரு பெயர் உண்டு.

ஏதோ பழைய தீ விபத்து, யாரையோ இழந்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் நான். தீக்காயத்துக்குப் பின்னால் கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இல்லியே தங்கச்சி," என்றாள். "இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல. அதான் பயமா இருக்கு."

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மெழுகுப் பாத்திரத்தை ஒருநாளும் கரி அடுப்பின் மேல் நேராக வைக்க மாட்டாள். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் சின்னச் சட்டியில் மெழுகு உருகும். உருகும் நேரத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை. பக்கத்தில் ஒரு மூடியும் ஈரச் சாக்கும் தயாராக இருக்கும். "மெழுகு தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதே, கூரைக்குப் பாயும். மூடி போட்டு அமுக்கு" என்று தினமும் எனக்குச் சொல்கிறாள். நான் மெழுகுவத்தி செய்கிறவள் இல்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

குழாய்க்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள்தான் அச்சு. உள்ளே எண்ணெய் தடவி, நடுவில் திரியை இழுத்துக் கட்டி, மெழுகை மெதுவாக ஊற்றுவாள். ஆறும்போது நடுவில் குழி விழும். அதற்கென்று கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து மறுபடி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடும் என்பதால் கம்பளி போர்த்தி ஆறவிடுவாள். அக்டோபர் வெயிலில் சந்தைக்குக் கொண்டுபோனால் எல்லாம் வளைந்துவிடும். அதனால் செய்தித்தாளில் சுருட்டி வீட்டிலேயே வைத்து விற்கிறாள். தொழில் கற்றுக்கொள்ள வருகிற பெண்களிடம் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்வாள். கடைசியில் அவள் சொல்லும் ஒன்றில்தான் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்: "ஒவ்வொரு ஈட்டுலயும் ஒண்ண எடுத்து ஏத்தி வை. அடி வரைக்கும் எரியிற வரை பக்கத்துல உக்காந்து பாரு. அப்புறம் வில்லு." ஒரு மெழுகுவத்தி எரிந்து முடிய நாலு மணி நேரம் ஆகும்.

திரிதான் உயிர் என்பாள். பருத்தி நூல் மட்டும்தான். ஒவ்வொரு உருண்டை நூலையும் நுனியில் கொளுத்திப் பார்ப்பாள். சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி. கறுப்பு மணியாக உருண்டால் நைலான். நைலான் கலந்த திரி எரியும்போது அந்த மணி தீயோடு கீழே விழும். விழுகிற இடம் தட்டாக இருக்கலாம், கம்பளியாகவும் இருக்கலாம்.

இவ்வளவு பயப்படுகிறவளுக்குத்தான் போன ஆகஸ்டில் அது நடந்தது.

மூன்று நாளாகக் கரண்ட் பகலிலும் இல்லை. அவள் வாசலில் கூட்டம். புது நூல் உருண்டையை வழக்கம்போல் கொளுத்திப் பார்த்தாள், சாம்பல் உதிர்ந்தது. திரி வெட்டிக்கொண்டே போனபோது பாதியில் ஒரு முடிச்சு வந்தது. முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மேலே வெட்டினாள். முடிச்சுக்கு அந்தப் பக்கம் வேறு நூல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க எடுத்த மெழுகுவத்தியும் முடிச்சுக்கு முந்திய நூலில் செய்தது. அது அழகாக எரிந்து முடிந்தது. புதன்கிழமை காலை மொத்தமும் விற்றுப்போயிற்று.

அன்று மதியம் ஜன்னல் இல்லாத சாமான் அறையில் சோளமாவு எடுக்க, தனக்கென்று எடுத்து வைத்த ஒன்றை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். திரியிலிருந்து ஒரு கறுப்பு மணி சொட்டிற்று. தரையில் விழுந்தும் அணையாமல் எரிந்தது.

இரண்டு மணிக்கு மருத்துவமனைக்கு ஓடி வந்தாள். துணிப்பை நிறைய, வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்கிய மெழுகுவத்திகள். எந்த வீட்டிலும் காரணம் சொல்லவில்லையாம். "வளைஞ்சிருக்கு, மாத்தித் தர்றேன்" என்றாளாம். காரணம் வெளியே தெரிந்தால் தொழில் அன்றோடு போச்சு. மகள் லோம்பே ந்தோலாவில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருடம். அந்தப் படிப்பு இந்த மெழுகில்தான் ஓடுகிறது.

"உன்கிட்ட மூணு இருந்துச்சு. அத நானே வேலி தாண்டி எடுத்துட்டேன்," என்றாள். "இன்னும் இருபத்தி நாலு இருக்கு தங்கச்சி. சிங்கலா வீட்டுல."

மினிபஸ் ஓட்டிய சிங்கலா செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். அடக்கம் வெள்ளிக்கிழமை. அதுவரை சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் அந்த வீட்டில்தான். சோபாக்களை வெளியே தள்ளிவிட்டு, சுவரிலிருந்து சுவர்வரை பாய், கம்பளி, கைக்குழந்தைகள். நடக்கவே இடம் இருக்காது. ஆறு மணிக்கு அந்த அறையில் இவள் மெழுகுவத்தியை ஏற்றுவார்கள்.

நாலு மணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் போனோம். அவள் ஒரு யோசனை வைத்திருந்தாள். வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த முந்திய ஈட்டு நல்ல மெழுகுவத்தி இருபத்து நாலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வது. நானும் தலையாட்டினேன். அந்த யோசனையில் எனக்கும் பங்குண்டு.

முற்றத்தில் ஆண்கள் கட்டை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிங்கலாவின் அக்கா கெர்ட்ரூட் வாசலில் நின்றாள். லோம்பே அம்மா முழங்கால் மடித்து வணங்கி, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அக்கா, இது நல்லா எரியும். காலைல குடுத்தத நான் எடுத்துக்கிறேன்."

"நல்ல மனசும்மா உனக்கு," என்று கெர்ட்ரூட் பொட்டலத்தை வாங்கினாள். "ஆனா சாவு வீட்டுக்குள்ள வந்தது எதுவும் வெளிய போகாது. எடுத்துட்டுப் போறவ வீட்டுக்குச் சாவும் கூடவே போகும். தெரியாதா உனக்கு?" சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினாள். மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. எங்கள் கண்ணெதிரே புதியதைப் பிரித்துப் பழையதோடு கொட்டி, இடம் சரியாக வர ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே குழாயில் வார்த்தது. லோம்பே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் நகம் பதிந்த அடையாளம் மறுநாள்வரை இருந்தது.

வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன். எல்லாமே கெட்டதில்லை, ஒன்றும் ஆகாமல் போகலாம், அப்படியே ஏதாவது ஆனாலும் யாருடைய மெழுகுவத்தி என்று யார் கண்டார்கள் என்றெல்லாம் மனது ஓடிற்று. மணி ஐந்து ஆகப்போகிறது. உள்ளே ஒரு குழந்தை கம்பளியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு விளையாடியது.

லோம்பே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அத்தனை பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எதிரே விதவை முசோண்டா, தலையில் துணி சுற்றி, சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்," என்றாள். "நூல்ல ஒரு முடிச்சு வந்துச்சு. கையால தொட்டேன், வெட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் கொளுத்திப் பாக்கல. இந்தப் பெட்டியில கொஞ்சம் மெழுகுவத்தி நெருப்பாச் சொட்டும். எதுன்னு எனக்கே தெரியல."

சுவரோரத்திலிருந்து ஒருத்தி சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்து தட்டு எங்க, மண்ணு எங்கன்னு அவ்வளவு அதிகாரம் பண்ணியே. இதுக்கா?" இன்னொருத்தி, "இனிமே கடையில பாக்கெட்டுதான்" என்றாள். லோம்பே அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவளுக்காகக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

முசோண்டா மட்டும் வேறொன்று கேட்டாள். "ஆறு மணிக்கு நான் எத ஏத்துறது?"

"இங்கயே, உங்க முற்றத்துலயே பாத்துப் பிரிச்சுத் தர்றேன். ஒண்ணும் வெளிய போகாது."

அதற்குக் கெர்ட்ரூட்டும் ஒப்புக்கொண்டாள். முற்றத்தில் ஒரு அலுமினியத் தொட்டியில் மண் நிரப்பி, நாற்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் குனிந்து, திரி நுனி சாம்பலாகிறதா மணியாகிறதா என்று பார்ப்பாள். நல்லதை என்னிடம் தருவாள், நான் ஊதி அணைத்து அடுக்குவேன். ஒன்றுக்கு அரை நிமிடம். நெருப்பைச் சுற்றியிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "சிங்கலா மேல இவ்வளவு பிரியமா இந்த அம்மாவுக்கு?" என்று பக்கத்தில் கேட்டார். அவள் சிங்கலாவைப் பார்த்ததுகூட இல்லை.

பதினொன்று கெட்டது. அவற்றை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்களின் நெருப்பில் போட்டாள். எண்ணி முடித்துவிட்டு, நல்லதென்று அடுக்கிய முப்பத்தேழையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றிப் பார்த்தாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

ஆறுக்கு நாலு நிமிடம் இருக்கையில் வெளிச்சம் போயிற்று. முசோண்டா ஒன்றை எடுத்து, மண் போட்ட தட்டில் நட்டு, அறை நடுவில் ஏற்றினாள். சுடர் நேராக, அடங்கி நின்றது. பெண்கள் நிஷிமா என்கிற சோளக்களியும் நெத்திலியும் சாப்பிட்டார்கள், எங்களுக்கும் கொடுத்தார்கள். குழந்தைகளைக் கிடத்தினார்கள்.

"இனிமே பயமில்லையே?" என்று முசோண்டா அவளிடம் கேட்டாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாதித் தொழில் அன்றே திரும்பியிருக்கும். நான் அவள் தோளைத் தொட்டு, "வா, இருட்டிப்போச்சு, போகலாம்" என்றேன்.

லோம்பே அம்மா எழுந்தாள். இடுப்பில் பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சித்தெங்கே துணியை அவிழ்த்து உதறினாள். மெழுகுவத்தித் தட்டுக்கும் கடைசியாகத் தூங்கிய குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. துணியை அங்கே விரித்து, சுடரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.