இருட்டினால் இறங்கும் கதவு

அன்று சாயந்திரம் தோட்டத்தில் இருந்தவர்கள்: அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில். என் மனைவி கலா, தட்டாஞ்சாவடி கம்பெனியில் பர்மிஷன் கேட்டு முன்னதாகவே வந்தவள், நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மகள் ஷாலினி, வீடியோ எடுக்க போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கம், தலை மட்டும் தெரிந்தது. கோழிகள், சேவலோடு சேர்த்துப் பத்து. அவை கூண்டில் ஏறி அடைந்துவிட்டன. நான், கையில் ஸ்குரூ டிரைவரோடு. ஒரு கதவு தானாக மூடுவதைப் பார்க்க எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம்.

முத்தியால்பேட்டையில் தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம், அவ்வளவுதான். எங்களுடையதில் ஒரு குழாய், துவைக்கிற கல், பாத்ரூம், மூலையில் கோழிக்கூண்டு. கூண்டு வாசலில் இருந்த பழைய பலகையை எடுத்துவிட்டு, பிரான்சிலிருந்து பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த கதவைப் பொருத்தியிருந்தேன். தகரக் கதவு. மேலே ஒரு சின்ன மோட்டார், அதற்கு பேட்டரி. மோட்டாருக்குப் பக்கத்தில் பொட்டு அளவுக்கு ஒரு கண். வெளிச்சம் குறைந்தால் கதவு இறங்கும். வெளிச்சம் வந்தால் ஏறும். கடிகாரம் எதுவும் அதில் கிடையாது.

"என்னா குமாரு, பிரான்சு கதவு பிரான்சு நேரத்துக்குத்தான் சாத்துமா? எனக்குப் பசிக்குது" என்றார் அந்தோணி அண்ணன்.

"உன்ன யாரு இங்க கட்டி வெச்சிருக்காங்க? போயி சாப்புடு" என்றார் அம்மா.

அவர் போகவில்லை. வானம் கறுத்தது. மோட்டார் முனகியது. கதவு மெதுவாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. அந்தோணி அண்ணன் கை தட்டினார். "பேயி வந்து சாத்துன மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. கலா பக்கத்தில் போய் விரலால் கதவை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. "இனிமே பஸ்சுல நிம்மதியா குந்திக்கினு வரலாம்" என்றாள்.

அந்தக் கதவு மதாம் கொடுத்தது. நான் எட்டாவது வரை படித்தவன். உறவுக்காரர் ஒருவர் பிரான்சில் ஒரு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவ அழைத்துப் போனார். இடுப்பு விட்டுப்போனதும் அந்த வேலை விட்டது. இப்போது பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அவரை மதாம் என்றுதான் கூப்பிடுகிறேன். அது நிஜத் தோட்டம். புல், ஆப்பிள் மரம், வேலிக்கு அப்பால் காடு. மதாமுக்கும் கோழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நல்ல கொழுத்த கோழி ஒன்றைக் காட்டி, என் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதானா என்று சைகையில் கேட்டேன். மதாமின் முகம் மாறிவிட்டது. மறுநாள் அந்தக் கோழியைக் கூடையில் வைத்துக் காரில் டாக்டரிடம் கொண்டுபோனார். கோழிக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்று நான் கண்டுபிடித்துச் சொன்னதாக நினைத்துவிட்டார். திரும்பி வந்து என் கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்றார். நானும் தலையாட்டினேன். அந்தக் கோழி இன்னும் இருக்கிறது.

அங்கே கோழிக்கு எதிரி நரி. அதனால்தான் அந்தக் கதவு. கோடையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். கதவும் அதுவரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், கதவும் இறங்கிவிடும். மனிதர் வீடுகளிலும் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே தகரத் திரைகள் தெரு முழுக்கச் சரசரவென்று இறங்கும். உள்ளே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா இல்லையா, எதுவும் தெரியாது. பின்பக்கம் எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. முதல் வருஷம் அந்த இருட்டில் நடக்க எனக்கே பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. போன வருஷம் மதாம் போனிலேயே திறந்து மூடுகிற புதுக் கதவு வாங்கினார். பழையதைக் குப்பையில் போடச் சொன்னார். நான் வீட்டுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் அனுப்புவதில் வீடு நடக்கிறது. கோழிகள் அதில் சேராது. அவை கலாவுடையவை. கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கியபோது அவளாகவே போய் நாலு குஞ்சு வாங்கி வந்தாள். அதிலிருந்து பெருகியவைதான் எல்லாம். நான் ஒருமுறை போனில், "எதுக்கு இந்தத் தொல்லை, முட்டைய கடையில வாங்கிக்க" என்றேன். "நீங்க அனுப்புறதுல நாங்க எல்லாரும் சாப்புடுறோம். என் சோத்த சாப்புடுறது இதுங்க மட்டும்தான்" என்றாள். அதற்குப் பிறகு நான் கோழியைப் பற்றிப் பேசவில்லை.

அவள் ஷிப்டை மாற்றினார்கள். வீடு வந்து சேர ஏழரை ஆகிறது. கோழி ஆறேகாலுக்கே அடைந்துவிடும். இடையில் பலகை திறந்தே கிடக்கும். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. குனிந்து பலகை சாத்த முடியாது. ஷாலினி டியூஷன் போய்விடுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் பூனை இரண்டு முறை உள்ளே வந்துவிட்டது. கோழியை விடு, இல்லை வேலையை விடு என்றார் அம்மா. கலா இரண்டையும் விடமாட்டேன் என்றாள். குடும்பத்துக்கு விசா எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம். அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கதவாவது கொண்டுபோகலாம் என்று நினைத்தேன்.

லீவில் நான் இருந்தவரை கதவு ஒரு நாள்கூடத் தவறவில்லை. நான் கிளம்பி வந்த வாரமே இரண்டு கோழிகள் போய்விட்டன.

கலா போன் செய்தாள். "கதவு சாத்தித்தாங்க இருந்துச்சு. நான் வந்ததும் தொட்டுப் பாத்தேன். காலையில வழக்கம்போல தொறந்திருக்குது. எண்ணிப் பாத்தா எட்டுதான்."

"சாத்துன கதவுக்குள்ள எதுவும் வராது. எவனோ காலையில தொறந்ததும் வந்து தூக்கியிருக்கான்" என்றேன். எனக்கு என் கதவின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அம்மாவுக்கு அந்தோணி அண்ணன் மேல் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து அவர், "எதுக்கும்மா தூரமா நின்னு மோந்து பாக்குற? உள்ள வந்து சட்டிய தொறந்து பாரு. கத்திரிக்கா கருவாடு" என்றாராம். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு கோழி போனது. இந்த முறை ஓட்டின் மேல் இறகு கிடந்தது. மரநாய். ஓடு வழியாக வந்து ஓடு வழியாகவே போயிருக்கிறது. ஆனால் சாத்திய கதவுக்குள் எப்படிப் போனது என்று யாருக்கும் புரியவில்லை.

"இப்ப பாருங்க, நீங்களே பாருங்க" என்று ஒருநாள் கலா வேலையிலிருந்து வந்ததும் வீடியோ போட்டாள். அங்கே எட்டு மணி இருக்கும். எனக்கு மத்தியானம். மதாமின் கோழிகள் வெயிலில் என்னைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன. போனில் ஒரே இருட்டு.

"ஒண்ணும் தெரியல. லைட்டப் போடு" என்றேன்.

போட்டாள். கூண்டு தெரிந்தது. கதவு இறங்கி, ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. "சாத்தியிருக்குதா?" என்றாள். "இருக்குது" என்றேன். அவள் போனைத் துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்துவிட்டுக் கால் கழுவினாள். ஷாலினிக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த முனகல் கேட்டது. கதவு மெதுவாக ஏறத் தொடங்கியது. முழுவதும் ஏறி நின்றது. உள்ளே கோழிகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டின.

கலா கையில் குவளையோடு நின்றாள்.

என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில், கலா போட்டது மாதிரி பின்பக்கம் ஒரு விளக்கு கட்டாயம் இருக்கும். முதல் முறை கிளம்பும்போது நான்தான் மாட்டினேன். பெரிய எல்.இ.டி. தோட்டம் முழுக்கப் பகல் மாதிரி இருக்கும். ஆம்பிளை இல்லாத வீடு, பின்பக்கம் இருட்டாக இருக்கக்கூடாது என்றேன். அடுத்த தெருவில் சுவர் ஏறிக் குதித்துத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு நான் இல்லாத ஒரு ராத்திரிகூட அம்மா அதைப் போடாமல் விட்டதில்லை. சாப்பிட்டு முடித்து, பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து சுவிட்சைப் போடுவார். விடியும்வரை எரியும். கதவு அதைப் பார்த்து விடிந்துவிட்டது என்று ஏறிக்கொள்ளும். நான் லீவில் வந்தால் அந்த விளக்கைப் போடமாட்டார்கள். அதுதான் இருக்கிறேனே. அதனால் நான் இருக்கும் வரை கதவு சரியாக மூடியது.

எலக்ட்ரீஷியனுக்கு நான் இங்கிருந்து போன் செய்தேன். விளக்கைத் தெருப்பக்கம் மாற்ற வேண்டும் என்றேன். "நாளைக்குக் காலையில மொத வேல உங்களுதுதாண்ணே" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். கலா கதவின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காற்றில் அவிழ்ந்துவிட்டது. சேவலும் ஒரு பெட்டையும் போயின. சேவல் போன அன்று கலா போன் செய்யவில்லை. ஷாலினி சொல்லித்தான் தெரியும்.

மதாம் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். தெரிந்த பிரெஞ்சில் கதவு, விளக்கு, கோழி என்று சொன்னேன். நரியா என்றார். இல்லை, பெரிய பூனை மாதிரி என்றேன். அவர் உள்ளே போய் ஆறு முட்டை கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு முட்டை ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மெர்சி என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டில் நடந்த பேச்சை நான் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னியிலேர்ந்து அந்த லைட்டப் போடாதீங்கம்மா" என்றாள் கலா.

"உனக்கென்ன கிறுக்கா? கோழிக்காவ மூணு பொம்பளைங்க இருட்டுல கெடக்கணுமா? ஆம்பள இல்லாத வூடுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"இப்பத்தாம்மா தெரியுது. அவரு வந்தா லைட்டு எரியாது, போனா எரியும். அந்தோணி அண்ணனுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், தெருவுல போறவனுக்கெல்லாம் தெரியும். போர்டு எழுதி மாட்டுன மாதிரி."

"நீ சொல்லுடா" என்றார் அம்மா என்னிடம்.

போடு என்றால் கோழி போகும். போடாதே என்று சொல்லிவிட்டு, அந்தச் சுவரை எவனாவது ஏறினால் நான் எங்கே இருப்பேன்? அங்கே சத்தம் கேட்டால் எழுந்து போகப்போவது நான் இல்லை. என் கையில் இலை வாருகிற வாரியல் இருந்தது. "பாத்து செய்யுங்க" என்றேன். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"அவர எதுக்குக் கேக்குறீங்க? இங்க இருக்கறது நாம" என்றாள் கலா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் அங்கே இருட்டிய பிறகு கூப்பிட்டாள். வீடியோதான், ஆனால் படம் ஒன்றும் இல்லை. கறுப்பு. டார்ச் அடித்தாலும் கதவு ஏறிவிடுமோ என்று அதையும் போடவில்லை. எனக்கு முன்னால் மதாமின் புல்வெளி பளீரென்று கிடந்தது. மதாம் ஜன்னலிலிருந்து கையசைத்தார், நானும் அசைத்தேன். காதில் முத்தியால்பேட்டை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. கலாவின் மூச்சு கேட்டது.

"சாத்திடுச்சா?" என்றேன்.

"சாத்திடுச்சு. தொட்டுப் பாத்துட்டேன். இருங்க."

முட்டை எடுக்கிற பக்கத்துப் பலகையைத் தூக்குவது கேட்டது. கையை உள்ளே விட்டு ஒவ்வொரு கோழியின் முதுகையும் தடவி எண்ணினாள். தூக்கம் கலைந்து அவை முனகின. பலகையை மூடினாள். நடந்தாள். பின்கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள், அதற்கு மேல் இரும்புப் பட்டை. அது புதுசு. அதை யார் வாங்கியது, எப்போது மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

"எல்லாம் உள்ள வந்தாச்சா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"வந்தாச்சும்மா."

"எத்தினி?"

"கோழி அஞ்சு. நாம மூணு."

எட்டு.