கம்ப்யூட்டர் எழுத்துகளில் வாசித்த கடைசிப் பாட்டு

கோவிட் அடங்கி, வாழ்க்கை பழையபடி ஓடத் தொடங்கிய சமயம் அது. கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. தோட்டத்து லயத்து வீடுகளை உடைத்தபோது வெளியே வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். என் கணவர் லோரி ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். யார் வீட்டில் சாவு என்றாலும் அந்த ஆர்கனைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு பாட்டு பாடுவோம். அதற்கு அவர் வாசிப்பதே தனி. கண் ஆர்கனில் இருக்காது, பெட்டியின் மேல்தான் இருக்கும். பெற்றவள் பெட்டியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டால் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். அவள் கை தளர்ந்த பிறகுதான் அடுத்த வரி. "டேப்புல போட்டா பாட்டு யாருக்கும் நிக்காது. ஆளு வாசிச்சாதான் நிக்கும்" என்பார்.

அந்த மனிதருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. வருடக் கடைசி மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஆர்கனும் போய்ச் சேர்ந்தது. ஆண்டவருக்குக் கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா என்று வாய்விட்டே கேட்டேன்.

ஷா ஆலமில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் எதையோ திறந்து, "ப்பா, ஏ அமுக்குங்க, டோ வரும். எஸ் அமுக்கினா ரே. இந்த நடு வரிசை ஃபுல்லா நோட்ஸ்தான் லா" என்றாள். அவர் இடது கையால் ஓர் எழுத்தைத் தொட்டார். சத்தம் வந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, அவருக்கோ எரிச்சல் வந்தது. எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் ஒரே சத்தம், அதுவும் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். முகத்தைச் சுளித்தாரே தவிர, விடவில்லை.

ஒருநாள் மாலை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். என் விரலைப் பிடித்து ஓர் எழுத்தின் மேல் வைத்து அழுத்தினார். பிறகு இன்னோர் எழுத்து. நாலைந்து போன பிறகுதான் அது என்ன பாட்டு என்று புரிந்தது. பெட்டியைத் தூக்கும் பாட்டு. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"வேற பாட்டே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

ஆர்கன் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் எப்போதோ கிள்ளான், கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். ஊர் சாவுக்கெல்லாம் வாசித்தவர், தன் சாவுக்கு யார் வாசிப்பார்கள் என்று தவித்திருக்கிறார். அடுப்படிக்குப் போய் அழுது தீர்த்தேன். மறுநாள் நானே போய் விரலை நீட்டினேன். தப்பாகத் தொட்டால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும்.

ஈஸ்டர் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று கொழுந்தனார் வந்து, "அண்ணி, நீங்க செரமப்படாதீங்க. போன்ல பாட்டு இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டுரலாம் லா" என்றார்.

"வேணாம் தம்பி. அது நிக்காது" என்றேன்.

கம்ப்யூட்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து, அதன் எழுத்துப் பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒற்றை விரல்தான். வழக்கமான வேகத்தில் கிளம்பிய குரல்கள் என் விரலைப் பார்த்து மெதுவாயின. இரண்டாவது வரியில் அவரைத் தூக்கினார்கள். கண்ணீர் மறைத்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை. விரல் நின்றுவிட்டது.

பாட்டும் நின்றது. ஒருவரும் என்னை முந்திக்கொண்டு பாடவில்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் வாசலில் அப்படியே நின்றார்கள். எத்தனையோ வீடுகளில் அவர் நின்ற மாதிரி, அன்றைக்கு எனக்காக எல்லாரும் நின்றார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடித் தொட்டேன். அவர்கள் படியிறங்கினார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும், அந்த எழுத்தைத் தொடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் எங்கள் வாசலிலேயே இருந்திருப்பாரே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.