தபால்தலை அளவில் ஒரு படகு

கடலூரில் எந்தத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தாலும் அது வெண்மதி செய்ததாக இருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மளிகைக் கடை திறப்பு எதுவானாலும் மஞ்சக்குப்பத்தில் அவள் வேலை பார்க்கும் கடைக்குத்தான் ஆட்கள் வருவார்கள். பள்ளியில் என்னோடு படித்தவள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2011 கடைசியில் நான் திரும்பி வந்தபோது, பேருந்தை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது அவள் செய்த ஒரு காதுகுத்து பேனர். மாமன்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் நடுவே குழந்தையைத் தேட வேண்டியிருந்தது.

"காலி எடம் விட்டா கஸ்டமர் சும்மா இருப்பானா? 'இங்க வெறுமனே கெடக்கே, எங்க மச்சான் போட்டோவ வெய்யி'ம்பான். வெக்கலன்னா பேனர் கட்டுறதுக்குள்ள அடிதடி ஆயிடும்டி" என்றாள்.

அதே பழக்கத்தில்தான் தம்பி ஜெயப்பிரகாஷின் விளையாட்டுக்கும் அட்டைப்படம் செய்து கொடுத்திருந்தாள்.

ஜெயப்பிரகாஷ் கணினி படித்தவன். இரண்டு வருடமாக வேலைக்குப் போகாமல், கைப்பேசியில் ஆடும் ஒரு புதிர் விளையாட்டைத் தனியாளாகச் செய்து முடித்திருந்தான். பெயர் 'முகத்துவாரம்'. ஆற்றில் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்தி, சிவப்புப் படகை மட்டும் கடலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். நான் சாப்பாட்டை மறந்து ஆடினேன். ஆனால் அதை விற்கும் இணையக் கடையில் யாரும் அதைத் தொடவில்லை.

அப்பா கண்ணாயிரம் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கிறவர். பிள்ளைக்கு மஸ்கட்டில் மாமா போகும் மீன்பிடிப் படகிலேயே வேலை சொல்லி, பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். "நாலு பேரு ஒன் வெளயாட்ட வாங்கி ஆடுனா இங்கயே இரு. இல்லன்னா பொங்கல் முடிஞ்சதும் மாமா கூட கெளம்பு" என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். ஜெயப்பிரகாஷ் எதிர்த்துப் பேசவில்லை. சரி என்று தலையாட்டினான். அதுதான் வெண்மதியை அரித்தது.

இந்த நிலையில் இணையக் கடையிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால், சரியாகப் புரிந்துகொள்ள என்னையும் படித்துச் சொல்லச் சொன்னார்கள். ஜனவரியில் ஒரு வாரம் புதிர் விளையாட்டுகளை முதல் பக்கத்தில் காட்டப்போகிறோம், உங்களுடையது பிடித்திருக்கிறது, ஆனால் அட்டைப்படம் சிறிய அளவில் என்னவென்றே தெரியவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேறு அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம் என்று இருந்தது.

வெண்மதி தம்பியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்தே பழகியவள். அட்டைப்படத்தில் கலங்கரை விளக்கம், சூரியன், மீன்கள், பன்னிரண்டு நிறப் படகுகள், கூலிங்கிளாஸ் போட்ட ஜெயப்பிரகாஷ், வட்டத்துக்குள் வாழ்த்தும் அப்பா, மாமா என்று எல்லாம் வைத்திருந்தாள். இணையக் கடைத் திரையில் அது தபால்தலை அளவில் நின்றது.

"கொழம்பு கொட்டுன மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக. "யாரும் தொடாததுக்கு நான்தான் காரணமாடா?"

"இல்லக்கா."

"இல்லன்னா எதுக்குடா கீழ பாக்குற?"

மறுநாளே வேலையைத் தொடங்கியிருப்பாள். அதற்குள் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்துவிட்டது. கம்பங்கள் சாய்ந்து, ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. மஞ்சக்குப்பத்துக் கடையின் கூரை பறந்துவிட்டது. செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டு வாசலில் முருங்கை மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் போய் ஊர் ஊராக அழுதுகொண்டிருந்தபோது, ஒரு படத்துக்காகக் கவலைப்படுகிறோமே என்று வெண்மதிக்குக் கூச்சமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத கவலை கூடுதலாகப் படுத்துகிறது. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அதைத் திறக்கவே பயந்தாள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதும் "வெள்ளிக்கெழம, வெள்ளிக்கெழம" என்று உதடு அசைந்துகொண்டிருக்கும்.

வியாழக்கிழமை காலை வெண்மதி, தம்பி, நான் மூவரும் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினோம். அங்கே மின்சாரம் வந்திருந்தது. கீழவீதிக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வைத்திலிங்கம், அவள் கடைக்குப் பழக்கமானவர். வழியெல்லாம் லேப்டாப்பைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"வாம்மா வெண்மதி. கரண்ட்டு எப்ப போவும்னு எனக்கே தெரியாது. சீக்கிரம் குந்து" என்றார் வைத்திலிங்கம்.

அவள் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். மாமா போனார். "மன்னிச்சுக்க மாமா" என்று சொல்லித்தான் அழித்தாள். அப்பாவை அழிக்கும்போது தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சூரியன், மீன், கலங்கரை விளக்கம் எல்லாம் போயின. கடைசியில் கறுப்புக் கடல், நடுவே ஒரு சிவப்புப் படகு மட்டும் நின்றது. சிறிதாக்கினாலும் படகு படகாகவே தெரிந்தது. எனக்கு அழகாகத்தான் பட்டது.

வைத்திலிங்கம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாரும்மா தவறிட்டாங்க?"

வெண்மதியின் கை மௌஸில் அப்படியே நின்றது. கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரே படம், சுற்றிலும் காலி இடம். எங்கள் ஊர்ச் சுவர்களில் அப்படி ஒட்டுவது கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி மட்டும்தான். அவளே எத்தனையோ செய்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டார். படத்தில் என்ன இருக்கிறது என்று அவன் உளறிவிட்டான். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் எங்களுக்குக் கேட்டது.

"ஆளில்லாத படகா? நடுக்கடல்லயா? அறிவிருக்காடா ரெண்டு பேருக்கும்? அப்புடி ஒரு படகு கரைக்கு வந்தா இங்க என்னா நடக்கும்னு தெரியுமா தெரியாதா?"

வெண்மதி அந்தப் படத்தை உடனே அழித்தாள். சேமித்தும் வைக்கவில்லை. அதன் பிறகு படகில் ஆளை வைத்தாள். ஆள் எறும்பு போலத் தெரிந்தான். ஆளைப் பெரிதாக்கினாள். படகு செருப்பு போல ஆயிற்று. மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒற்றைப் படகை மஞ்சள் பின்னணியில் வரைந்து, தபால்தலை அளவில் அச்செடுத்து வைத்திலிங்கத்திடம் நீட்டினாள்.

"வெண்டிக்கா நல்லாருக்கு" என்றார்.

"படகுங்க அது."

"படகுன்னு எழுதிடேன் பக்கத்துல."

மதியம் மின்சாரம் போய்விட்டது. பேட்டரியில் அரைமணிதான் ஓடும் என்று மூடிவைத்துவிட்டு, வாங்கி வந்த சாம்பார் சாதத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அவன் மஸ்கட்டு போயி கடல்ல வலை இழுப்பானாடி? அவனுக்குக் கப்பல் ஏறுனாலே வாந்தி வரும். என் கையாலேயே அனுப்பி வெக்கப் போறேன்" என்றாள். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"நைனா சொன்னது சரிதானேக்கா" என்றான் ஜெயப்பிரகாஷ் திடீரென்று. "நடுக்கடல்ல ஆளில்லாம இருந்தாதான் தப்பு. ஆத்துல கட்டிப்போட்ட படகுல எதுக்கு ஆளு? என் வெளயாட்டு ஆத்துலதான நடக்குது."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, பேட்டரியைப் பற்றி யோசிக்காமல் லேப்டாப்பைத் திறந்தாள். ஆற்றுப் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் பார்வை. மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு நாலைந்து தடித்த படகுகள். நடுவே மாட்டிக்கொண்ட சிவப்பு. மேல் மூலையில் கொஞ்சமாகத் திறந்த முகத்துவாரம். எழுத்து இல்லை, முகம் இல்லை. ஆனால் காலி இடமும் அதிகம் இல்லை. மின்சாரம் திரும்பி வந்ததும் சிறிய அளவில் அச்செடுத்தாள். மேசையில் வைத்தாள். யாரிடமும் என்ன தெரிகிறது என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க வந்த புஷ்பவள்ளி என்ற அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். வைத்திலிங்கம் பத்திரிகையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மாளின் விரல் அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல் போயிற்று. பச்சைப் படகைத் தள்ளுவது போல நகர்ந்தது.

"இத இந்தாண்ட தள்ளுனா செவப்பு வெளிய போயிடும் இல்ல?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"போவாதும்மா, நீலத்துல முட்டும்" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"எப்புடித் தம்பி முட்டும்? நீலத்தப் பின்னால தள்ளு."

"பின்னால எடமில்லம்மா."

"இருக்கு. நல்லா பாரு."

"ஏம்மா, பொண்ணு பேரு சரியான்னு பாக்க வந்தியா, படகு ஓட்ட வந்தியா?" என்றார் வைத்திலிங்கம்.

வெண்மதி எழுந்து வெளியே போய் நின்றாள். நான் பின்னால் போனேன். "அனுப்பிடலாம்டி. கரண்ட்டு போறதுக்குள்ள அனுப்பிடலாம்" என்றாள்.

அனுப்பினோம். மறுநாள் ஒத்துக்கொண்டு பதில் வந்தது. அப்பாவிடம் சொன்னதற்கு, "ஒத்துக்கிட்டாங்க சரி, வாங்குவாங்களா?" என்றார். வெண்மதிக்கும் அதே கேள்விதான்.

பொங்கலுக்கு அடுத்த நாள் 'முகத்துவாரம்' முதல் பக்கத்தில் வந்தது. பிரவுசிங் சென்டரில் வெண்மதி பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததில், கடைக்காரர் எரிச்சலாகிவிட்டார். முதல் நாள் மந்தம். இரண்டாம் நாள் தெரியாத தேசங்களிலிருந்து வாங்கி ஆடியவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பாராட்டை விட, கஷ்டமாக இருக்கிறது என்ற திட்டுதான் ஜாஸ்தி. ஒருவர் பாதிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு, வழி சொல்லாவிட்டால் தூங்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். நான் படித்துச் சொல்ல, கண்ணாயிரம் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். அந்த வாரக் கடைசியில் அவரே ஏஜெண்டைக் கூப்பிட்டார்.

"பையன் வரல. அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. பாஸ்போர்ட்ட நானே வந்து வாங்கிக்கிறேன்."

வெண்மதி சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு மொதப் பக்கத்துலேர்ந்து எறக்கிடுவாங்கடி. அப்பறம் எவன் பாப்பான்? போயிருந்தா சம்பளமாவது வரும். இருக்க வெச்சுட்டேன். இனிமே என்னா பண்ணுவான்?"

உள்ளேயிருந்து ஜெயப்பிரகாஷ் குரல் கொடுத்தான். "அக்கா, அடுத்ததுக்கு என்னா படம் போடலாம்?"

"மொதல்ல வெளயாட்ட முடிடா!" என்று கத்தினாள். பிறகு, "அதுல என்னாடா வருது?" என்றாள்.

"லாரிக்கா. பண்ருட்டி மார்க்கெட்டு. பலாப்பழ லாரிங்க மாட்டிக்கிட்டு நிக்கும்."

"லாரியா? மேலேர்ந்து பாத்தா எல்லாம் டப்பா மாதிரியில்ல இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனாள்.